போறேன் என்றவனைத் திருத்திய குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குரலை அழித்துவிட்டார்கள். தெரியாமல் கைபட்டு அழியவில்லை. குப்பை என்று முடிவுசெய்து, இடம் பார்த்துத் துடைத்து எடுத்திருக்கிறார்கள். அதற்குப் புதுப்பித்தல் என்று பெயர் வைத்து, பளபளக்கும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று தோன்றியது.

நீ இறந்து ஐம்பத்தொரு வருஷம் ஆகிறது. மஞ்சள் காமாலையில் நீ கண்ணை மூடியபோது கலாவுக்கு மூன்று வயது. இப்போது உன் மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் வீடு. போன ஆவணியில் பேரன் பிறந்திருக்கிறான். உன் நினைவாக அவளிடம் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று கல்யாண போட்டோ. அதில் நீ வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாய். இன்னொன்று அந்தப் படத்தில் நீ பேசிய ஒரே ஒரு வரி.

படத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவர்களுக்கு விளம்பரம் ஆகிவிடும். உனக்குத் தெரிந்த கதைதான் என்றாலும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் லால்குடிக்குப் போக ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தோம். கலா அப்போது பிறக்கவில்லை. நான் பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். பிளாட்பாரத்தில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் பாசஞ்சர் வண்டி தாமதம். வெயில் மண்டையைப் பிளந்தது. நீ எரிச்சலில் இருந்தாய். டப்பிங் பிடிக்காத டைரக்டர் அவர். பேசுவதை அங்கேயே பதிவு செய்ய சவுண்டு வேனை ஸ்டேஷனுக்கே கொண்டுவந்திருந்தார். சத்தம் போடக் கூடாது என்று நம் கூட்டத்தைப் பத்து முறை மிரட்டிவிட்டார்கள்.

கதாநாயகன் வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறான். வழியனுப்ப வந்த அம்மாவிடம், “நான் போறேம்மா” என்றான். வசனம் அவ்வளவுதான். அவன் வண்டியில் ஏறவேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் என் காதுக்குப் பக்கத்தில் இருந்து உன் குரல் கிளம்பியது.

“போறேன்னு சொல்லாதப்பா. போயிட்டு வரேன்னு சொல்லு.”

அந்த நடிகன் திடுக்கிட்டுத் திரும்பினான். அப்புறம் என்ன நினைத்தானோ, அம்மாவாக நடித்தவரைப் பார்த்து, “போயிட்டு வரேம்மா” என்றான். அந்த அம்மாளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. ஒரு ஆள் நம்மை நோக்கிக் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

“யாரும்மா அது குறுக்க பேசுனது?”

“நான்தான். பெத்தவ மூஞ்சியப் பாத்துப் போறேங்குறான். கேட்டுக்கிட்டு சும்மா நிக்கச் சொல்றீங்களா?”

“ஏம்மா, இது சினிமா.”

“சினிமான்னா? அவன் வாயில வர்றது சொல்லுதானே?”

டைரக்டர் தூரத்தில் இருந்தே கையைக் காட்டி அந்த ஆளை நிறுத்தினார். மறுபடியும் எடுக்கவில்லை. படம் வந்தபோது நீ இருந்தாய், குரலாக. கதையில் அவன் கடைசிவரை திரும்பி வரவில்லை. அதனால் அந்த இடம் வரும்போது தியேட்டரில் பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து குரல்கள் உன்னோடு சேர்ந்து அந்த வரியைச் சொல்லும். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாய். உன் தலையில் இருந்த கனகாம்பரம்கூட ஞாபகம் இருக்கிறது.

பிற்பாடு தொலைக்காட்சியில் அந்தப் படத்தைப் போட்டபோது வீடியோ கேசட்டில் பதிவு செய்தேன். கலா வளர்ந்ததே அந்தக் கேசட்டோடுதான். பரீட்சைக்கு முன்னால், வேலைக்குச் சேருவதற்கு முன்னால், கல்யாணத்துக்கு முன்னால் என்று அதை ஓட்டுவாள். முழுப் படத்தையும் பார்க்கமாட்டாள். அந்த ஸ்டேஷன் காட்சி மட்டும்தான்.

போன மாதம் போன் செய்தாள். “மாமா, நம்ம படம் புதுசா வந்திருக்காம். ப்ளூ-ரே டிஸ்க். வரவழைச்சிட்டேன். ஞாயித்துக்கெழம வாங்க.”

புதுசு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம். வொர்க்ஷாப்பில் பெயின்ட் அடித்த பெட்டி வந்தால் நான் முதலில் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். சினிமாவைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரே படத்தை இருபது முறை பார்த்து, அகராதியை வைத்துக்கொண்டு டிஸ்க் அட்டையில் இருக்கும் இங்கிலீஷைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். நோட்டுப்புத்தகமும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நியாயமாகவே பார்த்தேன் அக்கா. கோடுகளும் புள்ளிகளும் போய்விட்டன, சரி. கறுப்பு கறுப்பாக இருக்கிறது, அதுவும் சரி. ஸ்டேஷன் போர்டில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிகிறது. ஆனால் அந்த அம்மாளின் முகத்தில் சுருக்கத்தைக் காணோம். மெழுகு பூசியதுபோல, மகனுக்குத் தங்கை மாதிரி நிற்கிறார். அந்த வெயிலில் நின்ற நடிகன் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஏசியில் உட்கார்ந்து துடைத்தவர்களுக்குக் கீறலும் வேர்வையும் ஒன்றாகத் தெரிந்திருக்கும். பாட்டுக்கு நடுவே யாரோ புதிதாக டிரம்ஸ் அடிக்கிறார்கள். இன்ஜின் விசில் அந்த இன்ஜினுடையது இல்லை. அந்த ரகத்தைப் பிரித்து மாட்டியவன் நான், என்னிடம் வேறு விசிலை ஊதிக்காட்ட முடியுமா?

பிறகு அந்தக் காட்சி வந்தது. “நான் போறேம்மா” என்றான். கலா சத்தத்தைக் கூட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. கழுவிவிட்ட தரைமாதிரி ஒரு நிசப்தம். அவன் காரணமே இல்லாமல் தலையைத் திருப்பினான். காரணமே இல்லாமல், “போயிட்டு வரேம்மா” என்றான். வசனத்தை மறந்துவிட்டுத் திருத்திச் சொன்னவன்போல இருந்தது.

கலா மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் காபி போட ஆரம்பித்தாள். நான் காபி குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

டிஸ்கைப் பெட்டியில் போட்டுக் கட்டி வை, திருப்பி அனுப்பலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அந்தச் சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். நாலு பேர் கை மாறி, ஒலி வேலை செய்தவர் ஒருவர் கிடைத்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“சார், ஃப்ரேம் ஃப்ரேமா க்ளீன் பண்ணியிருக்கோம் சார்.”

“அதான் தெரியுதே. எங்க அக்காவையும் சேத்துல்ல க்ளீன் பண்ணிட்டீங்க.”

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தார்.

“அது வந்து சார், ஷூட்டிங் பாக்க வந்த கூட்டத்தோட சத்தம். ஸ்கிரிப்ட்ல இல்ல. ஆர்ட்டிஸ்ட் லிஸ்ட்லயும் இல்ல. அதனால நாய்ஸ்னு எடுத்துட்டோம்.”

“ஸ்கிரிப்ட்ல இல்லாதத டைரக்டர் ஏன் வச்சிருந்தாரு?”

“அப்ப எடுக்கற வசதி இல்ல சார்.”

“சரி தம்பி. அவன் எதுக்குத் திரும்பிப் பாக்குறான்? அத மட்டும் சொல்லுங்க.”

மறுபடியும் எதையோ தட்டினார். பிறகு, “ஃபீட்பேக்கா எடுத்துக்கறோம் சார்” என்றார்.

“இன்னும் எதையும் எடுக்காதீங்க. எடுத்ததத் திருப்பி வைங்க.”

அதற்குப் பிறகு நான் அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை.

நான்காவதை எழுதிக்கொண்டிருந்தபோது கலா கூப்பிட்டாள். “மாமா, அந்த டிஸ்க்க நான் திருப்பி அனுப்பல. நீங்க ஒடனே வாங்க.” போனேன். டிவியில் அந்தக் காட்சியை அசையாமல் நிறுத்தி வைத்திருந்தாள். படத்தின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க நிக்கிறது யாரு மாமா?”

நம் கேசட்டில் இந்த ஓரம் கிடையாது. பழைய டிவிகள் படத்தின் நாலு பக்கமும் கொஞ்சம் தின்றுவிடும். அன்று தியேட்டரிலும் திரையின் கறுப்பு ஓரம் இதை மறைத்திருக்கும். டிஸ்கில் படம் முழு அகலத்துக்கு வந்திருக்கிறது. அந்த ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு ஒரு பெண்.

“கூட்டத்துல நூறு பேரு நின்னோம். யாருன்னு சொல்றது?” என்றேன். நான் லேசில் நம்புகிறவன் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய் டிவிக்கு முன்னால் குந்தினேன். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. ஒயர் கூடையைப் பிடித்திருக்கும் கை. அதன் கட்டைவிரலில் பெரிதாக ஒரு துணிக்கட்டு.

அந்த வாரம் சுத்தியல் பட்டு நகம் பெயர்ந்தது எனக்குத்தான். கட்டுப்போட்டுவிட்டது நீ.

கலாவிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மாவுக்குப் பல்லு கொஞ்சம் தூக்கலா மாமா?”

“ஆமா. ஒனக்கு மாதிரிதான்.”

அவள் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஐம்பத்து நாலு வயதில், அக்கா.

படத்தை ஓடவிட்டாள். உன் வாய் அசைகிறது. விரலை ஆட்டி, முகத்தைச் சுளித்து, அந்த நடிகனைத் திட்டுகிறாய். சத்தம் மட்டும் இல்லை.

பழைய கேசட் பிளேயரும் பழைய டிவியும் இன்னும் அவள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைத் தூசி தட்டிப் பக்கத்தில் வைத்தோம். புது டிவியில் சத்தம் இல்லாமல் டிஸ்க், பழைய டிவியில் கேசட். அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் பிளேயரின் பட்டனில் விரலை வைத்துக்கொண்டேன். முதல் தடவை குரல் முந்தியது. இரண்டாவது தடவை முகம் முந்தியது. “மாமா, நான் மூணு வரைக்கும் எண்றேன், அப்ப அமுக்குங்க. அவசரப்படாதீங்க” என்று வகுப்பில் அதட்டுவதுபோல அதட்டினாள். மூன்றாவது தடவை உன் வாயும் உன் குரலும் ஒன்றாக வந்தன.

கலா அழவில்லை. “இவ்வளவு கோவமாவா சொன்னாங்க? நான் கெஞ்சுற மாதிரின்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். நான் எதைச் சொல்ல? நீ யாரிடமும் கெஞ்சியதில்லை என்பதை அவளுக்குச் சொல்ல எனக்கு ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை?

நாலாவது தடவை கேசட் சிக்கிக்கொண்டது. விரலை விட்டுச் சுற்றிச் சரிசெய்தோம். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. இன்னும் எத்தனை முறை ஓடும் என்று தெரியவில்லை. அதனால் இனி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

“போதும் மாமா. மொகத்தக் குடுத்திருக்காங்கல்ல, விட்டுடுங்க” என்கிறாள். குரலைப் பிடுங்கிக்கொண்டு முகத்தைக் கொடுத்தால் சரியாகிவிடுமா? கொடுத்ததும் அவர்களுக்குத் தெரியாது, எடுத்ததும் அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்தவனுக்கு நன்றி சொல்ல எனக்கு வரவில்லை. இனிமேல் தொலைக்காட்சியிலும் போனிலும் இந்தப் புதுப் பதிப்புதான் ஓடப்போகிறது. கொஞ்ச நாளில் படமே இப்படித்தான் இருந்தது என்று ஆகிவிடும்.

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: கண்ணுக்கு வாங்கலாம், காதுக்கு வாங்காதீர்கள். வாங்கினாலும் பழைய கேசட்டைத் தூக்கிப்போடாதீர்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கம்பெனி துடைப்பதற்கு முன்னால் இருந்த ஒலியை எடுத்து, உன் வரியை இருந்த இடத்திலேயே வைக்க வேண்டும். புதிதாக யாரையும் பேசவைத்து ஒட்டக் கூடாது. ஒட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். கலா அந்தக் கேசட்டைத் தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோய், விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து பிரதி எடுத்து வர வேண்டும். பொன்மலையிலோ மணப்பாறையிலோ உப்பிலியபுரத்திலோ யார் வீட்டுப் பரணிலாவது இந்தப் படத்தின் கேசட் இருந்தால், ஓட்டிப் பார்க்காமல் எனக்கு ஒரு வரி எழுதிப்போட வேண்டும். நான் சென்னைக்குப் போக வேண்டும். அந்தக் கம்பெனியின் வாசலில் உட்கார வேண்டும். பேசியது யார் என்பதற்குச் சாட்சி கேட்பார்கள். அன்று பிளாட்பாரத்தில் உன் பக்கத்தில் நின்றவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். ஆகவே அவர்கள் திருத்தி வெளியிடும்வரை நான் சாகப்போவதில்லை, இது உறுதி.

இப்படிக்கு,
உனக்கு ஆறு வயது இளையவனாகப் பிறந்து, இன்று உன்னைவிட நாற்பத்தைந்து வயது மூத்து நிற்கும்
உன் தம்பி கோவிந்தராசு,
பொன்மலை.