இணையம் இல்லாத சோதனை

செவ்வாய், இரவு.

நிரல்களைத் தானாகவே கட்டித் தரும் கருவி ஒன்றை லினக்ஸ் கணினிகளில் நிறுவும் பேக்கேஜாக்கி, அதைச் சரிபார்க்கும் பரிசோதகருக்கு அனுப்பியிருந்தேன். என் முதல் பேக்கேஜ். இணையத்தைத் தொடாமலே அது உருவாக வேண்டும் என்பது விதி. அதற்காக நேற்று வீட்டு ரவுட்டரை நிறுத்திவிட்டு என் மடிக்கணினியில் அதை ஓடவிட்டேன். ஒரு பிழையும் வரவில்லை. ‘இணையமின்றிச் சோதித்தேன்’ என்று பெருமையாக எழுதியும் விட்டேன்.

இன்று பரிசோதகரின் பதில் வந்தது: “இது நடுவில் இணையத்திலிருந்து என்னவோ இறக்குகிறது. உண்மையாகவே சோதித்தீர்களா?”

மானம் போனது. அடிக்கடி இணையம் அறுந்துபோகும் எருக்கலம்பிட்டியில் இருந்துகொண்டு இணையம் இல்லாமல் இருக்கத் தெரியாதவனா நான்?

சாப்பிடும்போது புலம்பினேன். மனைவி ரிஸானா மீன் முள்ளை எடுத்தபடி சொன்னாள்: “நேத்து வைஃபை இல்லாம பாவமா இருந்தீங்க. நான்தான் என்ட போன்ல ஹொட்ஸ்பொட் போட்டு உங்கட லெப்டொப்புக்குக் குடுத்து விட்டனான்.”

“அப்ப அது இறக்கினதெல்லாம் உன்ட டேட்டாவிலயா?” என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது.

“அப்ப என்ட டேட்டாவை முடிச்சது நீங்களா? புத்தளத்துல இருக்கிற என்ட தங்கச்சி வீடியோ கோல் எடுத்துத்தான் முடிஞ்சது எண்டு காலையில அவளுக்கு நல்லா ஏசிப்போட்டன்!”

பரிசோதகரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். தங்கச்சியிடம் யார் கேட்பது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.