நான் அழித்த துடிப்புகள்

நிலவின் மறுபக்கம். வானொலித் தொலைநோக்கி முகாம். நிலவின் நீண்ட இரவில் ஆறாம் நாள். பதிவு செய்பவர்: ஜெனோவா, திரைக் காவல்.

காலை 7.10
திரையில் முள்போலச் சின்னதாக ஒரு கோடு. மூன்று துடிப்பு, இடைவெளி, மறுபடி மூன்று. மற்றபடி எல்லாம் சீர். காற்று சரி. அறை வெப்பம் சரி. இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆளான லூர்து அண்ணன் கம்பங்களைச் சரிபார்க்க அதிகாலையிலேயே வண்டியில் கிளம்பிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: இங்கே பெரிய கண்ணாடி எதுவும் கிடையாது. சமவெளி முழுக்க நட்டிருக்கும் நாற்பது கம்பங்கள்தான் தொலைநோக்கி. பூமியின் இரைச்சல் இங்கே வராமல் நிலவே சுவராக நிற்கிறது. சூரியனும் மறைந்த இந்த இரண்டு வாரத்தில், முதல் நட்சத்திரங்கள் பிறந்த காலத்து ஹைட்ரஜனின் முனகல் கேட்கும். மிக மெலிதான முனகல். பக்கத்தில் ஒரு விளக்கின் சுவிட்சைத் தட்டினாலே அது அமுங்கிவிடும். அதனால் வெளியே போகிறவர் உடுப்பின் ரேடியோச் சாவியைக் கழற்றி இங்கே மாட்டிவிட்டுப் போக வேண்டும். தலைவிளக்கை ஏற்றினால் திரும்பும்வரை அணைக்கக் கூடாது. பேசுவதற்குக் கம்பத்தடியில் கம்பித் தொலைபேசி உண்டு.

மனிதரால் வரும் சத்தத்தைக் குப்பை என்போம். அதைக் கண்டுபிடித்து, எங்கள் மேலதிகாரி நசீமா மேடத்திடம் சொல்லிவிட்டு அழிப்பது என் வேலை. அழித்தால் அழிந்ததுதான். திரும்ப எடுக்க முடியாது.

காலை 7.25
அந்த முள் என்னுடையது. தலையணைக்கு அடியில் கைப்பேசி அணையாமல் கிடந்தது. அம்மா பேசி அனுப்பியதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். கைப்பேசி வைத்திருப்பது தெரிந்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்காகப் பேசி வேலை வாங்கித் தந்தவர் லூர்து அண்ணன். அவருக்கும் தலைகுனிவு. அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது முள் இல்லை. அதுவரை வந்ததை அழித்துவிட்டேன். இந்தப் பத்தியைப் பிறகு எடுத்துவிட வேண்டும்.

காலை 8.40
நசீமா மேடம் கம்பியில் கூப்பிட்டார். இந்த ஆய்வு அவருடையது. அவர் இருக்கும் முகாமிலிருந்து வண்டியில் இங்கே வர ஒரு முழு நாள் ஆகும்.

"ஜெனோவா, குப்பை எதுவும் வந்துச்சாம்மா?"

"இல்ல மேடம்."

"நல்லா பாத்தியா? பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்திருக்கேன். என் முடி நரைச்சதே இந்த முனகலுக்காகத்தான், தெரியும்ல?"

"பாத்தேன் மேடம்."

வகுப்பில் எழுந்து நின்று பேச முடியாமல்தான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன். பொய் மட்டும் எப்படித் திக்காமல் வந்தது என்று தெரியவில்லை.

காலை 10.15
மறுபடியும் முள். அதே மூன்று. கைப்பேசி தானாக உயிர்பெற்றுவிட்டது போல. அறைக்குப் போய்ப் பார்க்கலாம். ஆனால் மேடம் கூப்பிடும்போது நான் நாற்காலியில் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார். இந்த வடிவில் எது வந்தாலும் தானாக அழியும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தேன். திரை சுத்தமானது. நிம்மதியாக இருந்தது.

லூர்து அண்ணன் இன்னும் தொலைபேசியில் வரவில்லை. கிளம்பும்போது, "ஏ பிள்ள, மேடம் கேட்டா வாயத் தொறந்து பதில் சொல்லு, என்ன? முத்து ஒண்ணும் உதுந்துராது" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

மதியம் 1.05
நாற்பது கம்பத்துக்கும் மணி அடித்தேன். ஒன்றிலும் எடுக்கவில்லை. அவரிடம் மாலை ஐந்து மணிவரைதான் காற்று இருக்கிறது.

மதியம் 1.20
கைப்பேசியை எடுத்து வந்தேன். அது அணைந்துதான் இருந்தது. இருந்தாலும் பேட்டரியைக் கழற்றினேன். இரண்டு துண்டாக மேசையில் கிடக்கிறது. கட்டளையை நீக்கினேன்.

மூன்று துடிப்பு. இடைவெளி. இரண்டு.

மூன்றாவது வரவில்லை.

அது என் கைப்பேசி இல்லை. ஒருபோதும் இல்லை. அண்ணன் எங்கேயோ விழுந்து கிடக்கிறார். தலைவிளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறார். ரேடியோ இல்லாததால் தொலைநோக்கி வழியாகவே என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நம்பி. காலையிலிருந்து.

மதியம் 1.30
மேடத்திடம் சொன்னேன். கைப்பேசி, பொய், கட்டளை, எல்லாவற்றையும்.

"சரி, அழாத. எந்தக் கம்பத்துல சத்தம் பலமா விழுந்துச்சு? அதுக்குப் பக்கத்துலதான் இருப்பாரு."

"அழிச்சிட்டேன் மேடம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இப்ப வந்தது?"

"ரொம்ப மெலிசு. எதுன்னு பாக்குறதுக்குள்ள போயிருச்சு."

எல்லாக் கம்பங்களையும் நடந்து தேட இரண்டு நாள் ஆகும்.

"மேடம், நம்ம முகாம் கோபுர விளக்கப் போட்டா அண்ணனுக்குத் தெரியும். நமக்குக் கேக்குதுன்னு புரிஞ்சு திரும்பத் தட்டுவாரு. ஆனா..."

ஆனால், கோபுர விளக்கைப் போட்டால் இந்த இரவின் பதிவு முழுதும் பாழ். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்ட்ட ஏன் கேட்டுக்கிட்டு நிக்கிற? போடுடி!"

மதியம் 1.40
போட்டேன். திரை முழுக்க வெள்ளையானது. விளக்கு எரியும்போது எதுவும் கேட்காது. அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. மறுபடி போட்டேன். அணைத்தேன். ஒன்றும் இல்லை. அண்ணன் என்மேல் கோபமாக இருப்பாரோ என்று நினைத்தேன். கோபமாக இருந்தால்கூடப் போதும் என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை.

ஒரு துடிப்பு. ஒன்றே ஒன்று. இருபத்தேழாம் கம்பம்.

மதியம் 1.55
அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மேடம் அங்கிருந்து கிளம்பிவிட்டார். நாளைதான் வந்து சேர்வார். வண்டி அண்ணனிடம் இருக்கிறது. இருபத்தேழுக்கு நடந்தால் இரண்டு மணி நேரம், வேகமாக நடந்தால். தனியாக நான் வெளியே போனதே இல்லை.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், முதலில் இருபத்தேழாம் கம்பத்துக்கு வாருங்கள். அங்கே இரண்டு பேர் இருப்போம்.

உடுப்பை மாட்டிக்கொண்டேன். கூடுதல் காற்றுக் குடுவை இரண்டையும் முதுகில் கட்டிக்கொண்டேன். வெளிக்கதவைத் திறக்கிறேன்.