தண்ணீரில் ஊறிய சம்மட்டி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன், முழங்காலும் கூடவே இருக்கிறது, ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறோம். நீ, மருமகள், குட்டி மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும், முக்கியமாகக் கை கால். என் முழங்கால் போன அன்றைக்கு அந்த வீட்டை இடிக்கிற இடத்தில் இருந்தது ஆறு பேர். உன் அப்பா, உன் சித்தப்பா, மேஸ்திரி, கம்பி வெட்டுகிற தகரம் (அவன் குரலுக்கு நாங்கள் வைத்த பேர்), குடை பிடித்து நின்று வேலை வாங்கிய வீட்டுக்காரம்மா, அப்புறம் நான். செவ்வாய்க்கிழமை, மணி பதினொன்றே கால். எதற்கு இதை மறுபடி ஆரம்பிக்கிறாள் என்று நினைக்காதே, முழுக்கப் படி. போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று மூன்று சரி போட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

நான் குந்தி உட்கார்ந்து உளியைப் பிடித்திருந்தேன், உன் அப்பா அந்தக் குட்டைப் பிடி சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். தலை கழன்று என் இடது முழங்காலில் விழுந்தது, பிடி மட்டும் அவர் கையில் நின்றது. அன்றிலிருந்து நான் தரையில் உட்கார்ந்ததில்லை. உன் சித்தப்பாதான் காரணம் என்று சொல்லிச் சொல்லியே உன்னையும் தங்கச்சியையும் வளர்த்தேன். காலையில் கொட்டகையிலிருந்து சம்மட்டியைக் கொண்டுவந்தது அவர். நான் வாங்கி ஆட்டிப் பார்த்தேன், தலை அசையவில்லை, ஆனால் பிடி ஈரமாக இருந்தது. என்ன கொழுந்தனாரே, குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தீங்களா என்று கேட்டேன். எதற்கும் சிரிக்கிற மனிதர், அதற்குச் சிரிக்கவில்லை. அந்தச் சிரிக்காத முகத்தை வைத்துத்தான் இருபத்தாறு வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தேன், அவர் கல்யாணத்துக்கும் போகவில்லை, யாரையும் போகவும் விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஏதோ சாதாரணமாகச் சொன்னாய். சம்மட்டித் தலை ஆடுதும்மா, வாளித் தண்ணியில போட்டு வெச்சேன், காலையில கல்லு மாதிரி இறுகிடுச்சு, அப்பா கொட்டகையில அப்படித்தானே செய்வாரு, சின்ன வயசுல எத்தனை தடவை பாத்திருக்கேன் என்று. அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. கையில் உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

புதன்கிழமை பஸ் ஏறி உன் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். சைக்கிள் கடை வைத்திருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வாங்க அண்ணி என்று கூடச் சொல்லவில்லை, ஓடிப்போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார், உயரம் பத்தாது என்று அதன் மேல் ஒரு தலையணை. சம்மட்டியை ஊறப் போட்டது யார் என்று கேட்டேன். கையிலிருந்த சைக்கிள் டயரைத் துடைத்து ஓரமாக வைத்தார். அப்புறம், தலையை இறுக்குற ஆப்பு விழுந்துடுச்சுன்னு சொன்னா அண்ணனை மேஸ்திரி வேலைக்கு நிக்க விடமாட்டாரு அண்ணி, அதான் ஊறப் போட்டாரு, சொல்லாதேன்னாரு, ஆஸ்பத்திரியில நீங்க என்னைத் திட்ட ஆரம்பிச்சீங்க, நானும் வாங்கிக்கிட்டேன், ரெண்டு மாசத்துல உங்களுக்கு ஆறிடும்னு நெனச்சேன் என்றார். என்னை அத்தனை நாள் தெரிந்தும் ரெண்டு மாசம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் பார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, ரெண்டுக்கும் தெம்பு இல்லை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். மரம் தண்ணீரைக் குடித்தால் வீங்கும், காலையில் ஆட்டினால் அசையாது, நான் ஆட்டியபோதும் அசையவில்லை. வெயில் ஏறினால் காய்ந்து முன்னைவிடச் சுருங்கும், அப்போதுதான் தலை பறக்கும். உனக்கு உளி பிடிக்கிற பையனுக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பாள். அதனால் புதிது வாங்கு. வியாழக்கிழமை இங்கே இரும்புக்கடைக்கு உனக்காகப் போய் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். கடைக்காரன் யாரை அடிக்கப் போறீங்க பாட்டி என்றான். நான், வரிசை பெருசு, நீ கடைசியில நில்லு என்றேன். பெயிண்ட் அடித்த பிடியை வாங்காதே, கணுவும் கீறலும் பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கும். மரத்தின் ரேகை பிடியின் நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும், குறுக்கே வழிந்தால் அங்கேதான் முறியும். தலையின் துளையில் மரம் நிறைந்து நிற்க வேண்டும், தலைமுடி நுழைகிற சந்துகூட இருக்கக் கூடாது, ஆப்பு உள்ளே முழுக்க இறங்கியிருக்க வேண்டும். அடிக்கிற முகத்தின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் வேண்டாம், சில்லு தெறித்துக் கண்ணைக் கெடுக்கும், விளிம்பு கொஞ்சம் மழுங்கி இருக்கட்டும். ஒரு முழத்துக்கு மேல் பிடி வேண்டாம், எடை இரண்டு கிலோ போதும், நாலு கிலோவைத் தூக்கிக் காட்டுகிறவன் பத்து மணிக்கே தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். தலையும் பிடியும் ஒரே இரும்பாக வந்து மேலே ரப்பர் போட்டது கிடைக்கிறதாம், தலை கழலவே வழியில்லை, மணிக்கட்டு கொஞ்சம் அதிரும், அதிரட்டும், அதையே வாங்கு. பழையதை ஓரமாகப் போடாதே, இன்னொருவன் எடுத்து ஊற வைப்பான், பிடியை இரண்டாக அறுத்துவிடு.

கை களைத்துவிட்டது. அப்பா மேல் உனக்கு இருக்கிற பிரியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, முழங்காலுக்காகவும் நான் அவரைக் குறை சொல்லவில்லை, அவசரத்தில் யாரும் ஊறத்தான் போடுவார்கள். ஆனால் நான் அவர் தம்பியைத் திட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் எழுந்துபோய்க் கை கழுவினார், பாதிச் சாப்பாட்டில்கூட. ஏன் இப்படி எழுந்து போகிறார் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. செத்துப் போவதற்கு முன்னால் மூன்று மாதம் படுத்துக் கிடந்தார், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை.

மருமகளையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். சித்தப்பாவுக்கு ஒரு போன் பண்ணு, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ நீண்ட நாள் பத்து விரலோடு இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே கடைக்குப் போ. அந்த ஆறு பேரில் மேஸ்திரியை எப்போதோ மன்னித்துவிட்டேன், தகரம்தான் என்னைத் தோளில் தூக்கி ஓடியவன், வீட்டுக்காரம்மா தன் புடவையைக் கிழித்துக் கட்டினாள், உன் சித்தப்பாவிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியவள், புதன்கிழமை கிளம்பும்போது கேட்டும் விட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவை மட்டும் மன்னிக்காத,
அம்மா