பால்மா டின்னுக்குள் தண்ணீர் மோட்டார்

ஜூன் 16, திங்கள்

விடியற்காலை முதல் மழை. சப்பாத்து இரண்டும் ஈரம். குடை பஸ்ஸில் போயிற்று. இந்த வருடத்தில் மூன்றாவது.

காலை முழுவதும் நீதிமன்றத்தில் காத்திருப்பு. கரட் தோட்டத்தில் களவுபோன தண்ணீர் மோட்டாருக்குத் தேடுதல் ஆணை வாங்க வேண்டும். எடுத்தவன் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவு குமார் என்று தகவல். அறிக்கையைத் தட்டச்சு செய்தது நான், கோப்பைச் சுமந்தது நான். சத்தியம் செய்தது மட்டும் எங்கள் பொலிஸ் நிலையத்து சார்ஜன்ட் பண்டார சார்.

நீதவான் கேட்டார். வீடு யாருடையது? கம்பனியுடையது. பதிவில் யார் பெயர்? குமாரின் அப்பா. அவர் எங்கே? செத்து ஆறு வருடம். விலாசம்? தோட்டத்தின் பெயர்தான், அத்தனை குடும்பத்துக்கும் அதே விலாசம். எந்தக் கதவைத் தட்டுவது என்று எழுதாமல் கையெழுத்து வைக்க முடியாது என்றார். நியாயம்தான்.

வெளியே வந்து தோட்டத்துக் கிளாக்கருக்கு நாலு முறை போன். "ஏழாம் லயம், நாலாம் காம்பராங்க மிஸ். ரெஜிஸ்டரப் பாத்துத்தான் சொல்றேன்." ஏழாவது வரிசை வீடுகள், நாலாவது அறை என்று எழுதினோம். பின்னேரம் ஆணை கிடைத்தது.

பகல் சாப்பாடு ஒரு பணிஸ். வாங்க வேண்டியது: சவர்க்காரம், தைலம், குடை.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஆறு மணி. பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்குப் போக ஆட்கள் கிளம்புமுன் போய்விட வேண்டும் என்று ப. சார். பனிமூட்டம். ஏழாம் லயத்தில் கறுப்புப் பெயின்டில் 4 போட்ட கதவு. தட்டினோம்.

திறந்தவள் சரசு. இருபத்தாறு வயதிருக்கும். பின்னால் மாமியார். கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் கொழும்பில் கடை வேலையாம்.

"குமார் வீடு இது இல்லைங்க மிஸ்."

எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ஆணையை வாசித்துக் காட்டினேன். கட்டிலுக்குக் கீழே, விறகுக்குப் பின்னால், எங்கும் மோட்டார் இல்லை. அதோடு நின்றிருக்கலாம். கஞ்சா தேடித் தேடிப் பழகிய கை. சரசுவின் பெட்டிக்குள் இருந்த பால்மா டின்னையும் எடுத்துப் பேப்பரில் கொட்டினேன்.

மாமியார்: "ஏம்மா, தண்ணி மோட்டர பால்மா டின்னுக்குள்ளயா ஒளிச்சு வப்பாங்க?"

டின்னில்: ஊசி, நூல். பிறப்புச் சான்றிதழ் இரண்டு. கொலுசு ஒரு சோடி. மாத்திரை அட்டை மூன்று.

பார்த்த சாமானைச் சத்தமாக வாசித்து எழுத வேண்டும், பின்னால் பொலிஸ் எடுத்தது என்று யாரும் சொல்லாமலிருக்க. வாசித்தேன். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை, மூன்று அட்டை."

சரசு சான்றிதழ்களைப் பொறுக்கி டின்னுக்குள் வைத்தாள். மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கவனித்தேன். கவனித்தும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

கிளாக்கர் போன். "அடக் கடவுளே! கதவுல இருக்கறது கரண்டுக்காரங்க போட்ட நம்பருங்க மிஸ். அவங்க ரோட்டுப் பக்கமிருந்து எண்ணுவாங்க. நம்ம ரெஜிஸ்டரு தண்ணிப் பீலிப் பக்கமிருந்து."

லயத்தில் பத்துக் காம்பரா. பீலியிலிருந்து நாலாவது, ரோட்டிலிருந்து ஏழாவது. இதைத் திங்களன்றே சொன்னால் வாய் நோகுமா? நான் கேட்டேனா? நானும் லயத்தில் பிறந்தவள்தானே. எங்கள் கதவிலும் மூன்று நம்பர் இருந்தது.

சரியான கதவுக்குப் போனோம். குமார் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். "வாங்க சார், வாங்க மிஸ். நேத்தே எதிர்பாத்தேன்." தரையில் எண்ணெய்க் கறை மட்டும்.

திரும்பும் வழியெல்லாம் ப. சார் திட்டினார், இரண்டு மொழியிலும். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

அறிக்கை: ஒன்றும் கிடைக்கவில்லை. பிழையான வீட்டைத் தேடியது பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். வெட்டச் சொன்னார்.

ஜூன் 19, வியாழன்

மழை. சரசு நிலையத்துக்கு வந்தாள். முறைப்பாடு போட வந்திருக்கிறாள் என்று புத்தகத்தை எடுத்தேன். இல்லை.

"மிஸ், அந்த மாத்திரைய பொலிஸ்காரங்கதான் கொண்டாந்து வச்சாங்கன்னு எழுதிக் குடுங்க."

பத்து வருட வேலையில், பொலிஸ்தான் கொண்டுவந்து வைத்தது என்று கத்தாத ஆள் இல்லை. அப்படி எழுதிக் கொடு என்று கெஞ்சிய முதல் ஆள் இவள்.

மாமியாருக்குப் பேரன் வேண்டும். இரண்டாவது பிள்ளை பிறந்தபோது இவள் பிழைத்ததே பெரிது. அதனால்தான் கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

"அவருக்குப் போன் பண்ணிட்டாங்க மிஸ். ஞாயித்துக்கெழம வர்றாரு. என்னய அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு புள்ளைங்கள வச்சிக்குவாங்களாம்."

எழுதினால் என் வேலை போய்விடும் என்றேன். "சரிங்க மிஸ்" என்று எழுந்து போனாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

கிளாக்கர் மேல் கோபம். கரண்டுக்காரர் மேல், அந்தக் கிழவி மேல். எல்லாவற்றையும்விட என் வாய் மேல். மோட்டார் தேடப் போனவளுக்கு டின் எதற்கு?

தைலம் வாங்க மறந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

லீவு போட்டேன். சீருடை இல்லாமல் போனேன். மாமியார் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து பீலியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள், கூட நாலு பெண்கள். தனியாகக் கூப்பிட்டேன். வரவில்லை.

"எல்லார் முன்னாலயுந்தான வாசிச்சீங்க? இதையும் இங்கயே சொல்லுங்க."

சொன்னேன். "அந்த மாத்திரை என்னோடதும்மா. டின்னக் கொட்டறப்ப என் பையும் சரிஞ்சு கலந்துருச்சு. சாருக்கு முன்னால என்னோடதுன்னு சொல்ல வெக்கம். டின்னுல இருந்த மாதிரி வாசிச்சிட்டு விட்டுட்டுப் போயிட்டேன். வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

கிழவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று அட்டையையும் என் கையில் வைத்தாள்.

"மகனுக்குச் சொல்லிர்றேன். வரவேணாம்னு."

அப்பாடா என்றிருந்தது. கிளம்பத் திரும்பினேன்.

"மிஸ்ஸுக்கு ஊரு லிந்துலதான? எங்க அக்காவும் ஒங்க லயந்தான். கல்யாணம் ஆன சேதிய அது சொல்லவே இல்லியே?"

நாலு பெண்களும் கால் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஆகலைங்க" என்றேன்.