நான் சொல்லாத ஆறாவது பெயர்

இல்லை, ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் சொன்னது ஐந்து பெயர்தான். ஆறாவதாக உன் நோட்டில் இருக்கிற பெயர் என் வாயிலிருந்து வரவே இல்லை. சிநேகிதன் நீ செத்துப்போனாய் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

இன்று காலையில் என் அண்ணன் மகன் அந்த நீள நோட்டை உன் வீட்டிலிருந்து வாங்கி வந்து என் மடியில் போட்டான். திறந்ததும் பேண்டேஜ் மில்லில் துணிக்குப் போடுகிற கஞ்சி வாசனை. நீ டைம் கீப்பர் வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் உன் நோட்டு இன்னும் மில்லைவிட்டு வெளியே வரவில்லை.

"சித்தப்பா, நம்ம வம்சம் அம்புட்டும் இதுல இருக்கு. கொலதெய்வம் கோவில்ல கல்லுல வெட்டி வைக்கப் போறோம். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயி கல்லு வெட்டுறவன்ட்ட பேரு குடுக்கணும்" என்றான்.

அந்த வம்சம் எப்படி முளைத்தது என்று எனக்குத்தான் தெரியும். உனக்கும் தெரிந்திருக்குமோ என்பதுதான் என் சந்தேகம்.

உன் பேத்தி சீனாவில் டாக்டருக்குப் படித்தபோது கூடத் தங்கியிருந்த பிள்ளை அவள் கல்யாணத்துக்கு வந்திருந்ததே. அந்தப் பிள்ளையை நான் சைனாக்காரி என்றேன். யுன்னான் மலையில் ஹானி என்று ஒரு ஜனமாம், அவர்கள் பேசுவது சீனம் இல்லை, ஹானி மொழியாம். உன் பேத்திதான் எடுத்துச் சொன்னாள். "கல்யாண வீட்டுக்கு ஹானியவா கூட்டியாந்த?" என்று கேட்டதற்கு என் தொடையில் கிள்ளினாய்.

அவர்களுக்கும் ஒரு காலத்தில் எழுத்து இருந்ததாம். ஆற்றைக் கடக்கும்போது புத்தகம் நனையாமலிருக்க ஒரு பெரியவர் அதை வாயில் கவ்வினாராம், அப்படியே விழுங்கிவிட்டாராம். அதிலிருந்து எல்லாம் மனப்பாடம். இப்போது எழுதுவது அரசாங்கம் இங்கிலீஷ் எழுத்தில் செய்துகொடுத்தது. அவள் உன் நோட்டில் எழுதிக் காட்டினாள். சொல்லின் கடைசி எழுத்தை வாசிக்கக் கூடாதாம், குரலை ஏற்றவா இறக்கவா என்று காட்டத்தானாம். வாசிக்காத எழுத்தை எதற்கு எழுதுகிறாள் என்று எனக்கு அதிலும் சந்தேகம்.

"புத்தகத்த எவனாச்சும் முழுங்குவானா? பள்ளிக்கூடம் போகாதவன் கெளப்பிவிட்ட கதை. நானே வாத்தியார்ட்ட மாடு தின்னுட்டுன்னு சொல்லிருக்கேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரிக்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசி, அதைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறவன் நீ. "எங்க வீட்டுலயும் யாரோ முழுங்கித்தான் இருக்காங்க" என்றாய்.

பிறகு அவள் தன் அப்பா வழி வம்சத்தைச் சொன்னாள். அப்பன் பெயரின் வால்தான் மகன் பெயரின் தலை. நான் நம்பவில்லை. பெயருக்கு ஒரு புளியங்கொட்டை போட்டேன், நாற்பத்தேழு வந்தது. மறுநாள் இட்லி தின்றுகொண்டிருந்தவளை மறுபடியும் சொல்ல வைத்தேன். நடுவில் இருமினேன், சட்னி வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு கொட்டை குறையவில்லை.

அப்புறம் உங்கள் வரிசையைச் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டுவிட்டாள். எனக்குத் தாத்தா சாமிக்கண்ணுவுக்கு மேலே யாரையும் தெரியாது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா? முத்துவீரன், வீரக்காளை, காளையாண்டி, ஆண்டியப்பன், அப்பாசாமி, அவர் மகன் எங்கள் தாத்தா சாமிக்கண்ணு என்று வாலும் தலையுமாக அடித்துவிட்டேன். அந்தப் பிள்ளை கைதட்டியது. நீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய்.

இன்று பார்த்தால் முத்துவீரனுக்கு மேலே, உன் கையெழுத்தில், ராமையா. வாலும் ஒட்டவில்லை, தலையும் ஒட்டவில்லை. உன் அப்பா பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மில்லில் சேர்த்துவிட்டவர். சிவராத்திரிக்குச் சிவராத்திரி குலதெய்வம் கோவிலில் நான் அவர் முன்னால் விழுந்து கும்பிட வேண்டும் என்று திட்டம் போட்டாயா?

"மத்த அஞ்சு பேரையும் கோடு போட்டு அடிச்சிருலே. நான் உண்டாக்குனது" என்றேன் அண்ணன் மகனிடம்.

அவன் என்னையே பார்த்தான். "கல்லு பெருசா வாங்கியாச்சே, சித்தப்பா. அப்ப இந்த ராமையா?"

"அவிய நெசம்."

"நம்ம ஆளா?"

"வெட்டச் சொல்லு."

அவன் நம்பவில்லை. ஆனாலும் ராமையாவை எழுதிக்கொண்டு போனான்.

ஒன்று மட்டும் இன்னும் என் தொண்டையிலேயே கிடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த புரட்டாசி சனிக்கிழமை, நம் பக்கத்துக் குன்றான திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். நோட்டு உன் கக்கத்தில் இருந்தது. நான் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏலே, அன்னைக்கு அந்தப் பிள்ளைகிட்ட வரிசையாச் சொன்னேன்ல, அந்தப் பேரெல்லாம்..."

"ஒரேய், பொறவு சொல்லு. பஸ் வருது" என்று நீ நடந்துவிட்டாய்.

நீ போன பக்கம் எட்டிப் பார்த்தேன். பஸ் எதுவும் வரவில்லை.