பங்கர் மண்ணில் இரண்டு மலைகள்

தண்ணீரூற்று
12.07.1999

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

போன புதன்கிழமை வட அமெரிக்காவின் மலைகளைப் படிப்பித்தேன். இந்த வன்னிப் பிள்ளைகள் மலையே கண்டதில்லை. அதனால் விமானத்துக்குப் பதுங்க வெட்டிய பங்கர்களின் மண்ணைக் காட்டினேன். கிழக்கே பழைய பங்கரின் மண் மழையில் கரைந்து தாழ்ந்து கிடக்கிறது. அது அப்பலாச்சியன், கிழவன். மேற்கே புதுப் பங்கரின் மண் நிமிர்ந்து நிற்கிறது. அது ரொக்கி, இளந்தாரி. இளந்தாரி கிழவனாகக் கோடிக்கணக்கான வருடங்கள் எடுக்கும் என்றேன்.

அப்போது விமானச் சத்தம் கேட்டது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, பயப்படாதீர்கள். ஐம்பது பிள்ளைகளும் அந்தப் புது மேட்டில் ஏறி விழுந்து பங்கருக்குள் குதித்தார்கள். வெளியே வந்தபோது மேடு தட்டையாகிக் கிடந்தது.

"சேர், இளந்தாரியும் கிழவனாப் போனான்," என்றான் கிருசாந்தன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊருக்கு வரும் பாதையை ஆமி திறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு விட்டுப்போய்விட்டது. ரேடியோவுக்குப் பற்றரி அனுப்பாதீர்கள், வழியில் சோதனைச் சாவடியில் பறித்துவிடுவார்கள். சவர்க்காரம் போதும்.

கடிதம் கொண்டுபோகிறவர் சைக்கிளோடு காத்து நிற்கிறார். ஒன்று மட்டும் எழுதுங்கள் அப்பா. நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலிருந்து தெரியுமே அந்த மலை, அது கிழக்கிலா மேற்கிலா? எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.

மகன்
ஜனார்த்தனன்