சிரிக்காத படம்

14.6.2003, சனி. படூர்.

காலை எட்டுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் இல்லை. அம்மா போய் ஒரு வாரம்.

மாட்டுக்குத் தவிடு காட்டியாச்சு. பால் கறந்தாச்சு. நல்ல வேளை, ராணி உதைக்கவில்லை. கல்யாணமாகிப் போனதிலிருந்து கறந்ததே இல்லை, விரலெல்லாம் விண்விண் என்கிறது. பாலை அக்கம்பக்கத்தில் கொடுத்தாச்சு.

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்து எதையாவது துடைக்கத் தோன்றுகிறது. கூடத்தை மறுபடி பெருக்கினேன். விஜயா அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா கலா, அத்த மாரியே காலுல சக்கரம் கட்டிகினு சுத்துற? செத்த குந்து."

குந்தினேன். உடனே எழுந்துவிட்டேன்.

அழுகையும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை. அன்று அம்மா பால் ஊற்றிவிட்டு வந்து "கொஞ்சம் படுக்கறன்டா" என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறது. அம்மா பகலில் படுத்து யார் பார்த்தது? அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு காரியம். சேகர் அண்ணனுக்குப் பந்தல், சமையல் ஆள், மளிகை. எனக்குப் புடவை, விளக்கு, படம்.

16.6, திங்கள்

மாலை போட்டு வைக்கிற படம்தான் பேஜார். அம்மா சிரிக்காத படம் உருப்படியாக ஒன்றுகூட இல்லை.

பீரோவைக் கவிழ்த்துத் தேடியதில் கிடைத்தவை:
அண்ணன் கல்யாணம். சாம்பார் வாளியோடு ஓடுகிறது. முகம் தெரியவில்லை, புடவை மட்டும்.
என் கல்யாணம். நான் அழுகிறேன், மாமியார்கூட அழுகிறார், அம்மா மட்டும் பல் தெரிய. ("ஏன்டி அழுவுற? கல்பாக்கம் இன்னா கடலுக்கு அந்தாண்டயா கீது?")
நிலாவுக்கு மொட்டை. என் மகள் வீறிடுகிறாள், ஆயா சிரிக்கிறது.
ஓட்டு அட்டை. இதில் சிரிக்கவில்லை. மனுஷி மாதிரியும் இல்லை, கரி மூட்டை.

நல்லாயிருப்பது ஒன்றே ஒன்று. சாமி அலமாரி ஓரத்தில் சின்ன ஃபிரேமில் இருப்பது. கொட்டகை வாசலில் ராணியோடு நிற்கிறது. தலை பின்னால் சாய்ந்து, வாய் முழுக்கத் திறந்து சிரிப்பு. உடைந்த முன்பல்கூடத் தெரிகிறது. ராணியின் தாய் உதைத்ததில் போன பல். கட்டிக்கொள்ளச் சொன்னால், "இன்னாத்துக்கு? காத்து நல்லா வருது" என்று அதற்கும் சிரிக்கும். படத்தின் வலது பக்கம் கத்தரியால் வெட்டியிருக்கிறது, அதுவும் கோணலாக.

அண்ணனிடம் காட்டினேன்.

"சாவு வூட்ல பல்ல காட்டிகினு ஒரு படமா? வர்றவன் இன்னா நெனப்பான்?"

"வர்றவங்கள்லாம் அம்மாகிட்ட பால் வாங்கனவங்கதான்ணா. அது சிரிச்சு பாக்காதவன் யாரு?"

"உனுக்குத் தெரியாது கலா. அப்ப நீ கைக்கொயந்த. நைனா போயி வருசம் திரும்பல, 'புருசன முழுங்கிட்டு பல்ல காட்டிகினு திரியறா பாரு'ன்னு இதே தெருவுல பேசனாங்க. நான் கல்ல எடுத்து அடிச்சேன். ஒரு தபாவாவது எங்கம்மாவ மருவாதியா பாக்கட்டும்."

எனக்கு இது தெரியாது. போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

17.6, செவ்வாய்

கேளம்பாக்கம் ஸ்டூடியோ. லோடு வண்டியில் அண்ணனோடு போனேன். உள்ளே ஏ.சி., ஆஹா. புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், பூ.

ஸ்டூடியோக்காரர் கொட்டகைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் பிரச்சின இல்ல சார். வாய மூடிடலாம். பட்டுப்பொடவ கட்டி, கழுத்துல ஒரு அட்டிக போட்டுடலாம். பின்னாடி அருவி வேணுமா, ரோஜா வேணுமா?"

"பின்னாடி எதுவும் வேணாம். மாட்ட எடுத்துடு" என்றான் அண்ணன்.

அம்மா ஆயுசில் அட்டிகை போட்டதில்லை. அதைச் சொல்லாமலே வண்டியில் போய் ஏறிக்கொண்டேன். அண்ணன் முகம் அப்படி இருந்தது.

18.6, புதன்

நேற்று மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றியது. புழுக்கம். வேலை எல்லாம் முடிந்துபோகிறது, அதுதான் தொல்லை. கொட்டகையைக் கழுவினேன். கழுவிய கொட்டகையை மறுபடி கழுவினேன்.

மாலை புது அபார்ட்மெண்ட் பக்கம் நடந்தேன். அம்மா மொபெட்டில் பால் ஊற்றிய வழி. நாற்பது வயசுக்கு மேல் ஓட்டக் கற்று, முதல் நாளே வேலி முள்ளில் விழுந்து, எழுந்து வந்து "பிரேக்கு எங்க கீதுன்னு மறந்து பூட்டேன்டி" என்று தானே விழுந்து விழுந்து சிரித்த மொபெட். சிறுசேரி கம்பெனிக்குப் போகிற பெண்கள் நாலு பேர் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்கள். என்னை அடையாளம் கண்டு ஒருத்தி ஓடி வந்தாள்.

"அக்கா, அவங்கதான் எங்களுக்கு அலாரம். கதவ தட்டி, 'எந்திரிங்கடி, கம்பெனி ஓடிப்பூடப் போவுது'ன்னு கத்துவாங்க. இப்ப தினம் பஸ்ஸ விடறோம்."

சொல்லிவிட்டு அழுதாள். திருநெல்வேலிப் பெண். யார் பெற்ற பெண்ணோ அழுகிறது, எனக்கு வரவில்லை. எனக்கு என்னதான் ஆகிவிட்டது?

ஞாயிறுகளில் அம்மா அதே மொபெட்டில் கல்பாக்கம் குவார்ட்டர்ஸுக்கு வரும், நிலாவுக்கென்று ஒரு தூக்கு சீம்பாலோ மோரோ எடுத்துக்கொண்டு. வந்ததும் என் சமையலறையைத் தலைகீழாக்கும். "உக்காரும்மா" என்றால், "வண்டில உக்காந்துகினுதானே வந்தேன்" என்று சொல்லும். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது வந்து தலைகீழாக்கினால் தேவலை.

20.6, வெள்ளி

படம் வந்தது. பெரிய ஃபிரேம், தங்கக் கலர் ஓரம்.

பட்டுப்புடவை, அட்டிகை, ரூபாய் அளவு பொட்டு. வாய் அழகாக மூடியிருக்கிறது. கண் மட்டும் மேலே சிரிக்கிறது, வாய் கீழே யாரையோ முறைக்கிறது. பார்க்கவே பயமாக இருந்தது.

நிலா கிட்டே போய்ப் பார்த்தாள். "இது யாரோட ஆயா?"

அண்ணி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எதிர்க் கடைக்குப் போய் ஸ்டூடியோவுக்கு போன் போட்டேன். வாய் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"அதுவாம்மா? திருப்போரூர் கஸ்டமரு ஒரு அம்மா. அளவு கரெக்டா ஒக்காந்துச்சு பாத்தீங்களா?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். கடைக்காரர் பயந்துவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்தால் மாட்டிடம் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கும். வீட்டுக்கு வருவதற்குள் சிரிப்பு போய் ஆத்திரம் வந்தது. யாரோ ஒரு அம்மாவின் வாய்க்கு நான் மாலை போட வேண்டுமா?

"அண்ணா, இது வேணாம்."

"நாளைக்கு அடுத்த நாள் காரியம். இனிமே வேற எங்க போவ?" ஆணி அடித்துக்கொண்டே சொன்னான். முகத்தைத் திருப்பவில்லை. அவனுக்கும் பிடிக்கவில்லை என்று ஆணி அடிக்கிற அடியிலேயே தெரிந்தது. விரலில் அடித்துக்கொண்டான்.

21.6, சனி

விளக்கும் நிலா துணியும் எடுக்க குவார்ட்டர்ஸ் போனேன். "காரியம் முடியறதுக்கு முன்னாடி போவக் கூடாது" என்று பக்கத்து வீட்டு எல்லம்மா தடுத்தார். நில்லாமல் போனேன். ஈ.சி.ஆர். பஸ், ஜன்னல் ஓரம். மாமல்லபுரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பட்டறைகளில் உளிச் சத்தம். வெளியே நிற்கிற சிலைகள் எல்லாம் ஒரே மாதிரி வாய் மூடி இருந்தன. கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டில் ஆல்பத்தை எடுத்தேன். அந்தக் கொட்டகைப் படம் என் வீட்டுக்காரர் எடுத்தது. எங்களிடமும் ஒரு பிரதி உண்டு, வெட்டாதது.

வலது பக்கம் சேகர் அண்ணன் நிற்கிறான்.

விஜயா அண்ணியைப் பெண் பார்க்கக் கிளம்பிய நாள். வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்து வாரிய தலையை ராணி நாக்கால் ஒரு நக்கு நக்கி, முடி அத்தனையும் செங்குத்தாக நிற்கிறது. அண்ணன் அழாத குறை. அம்மா அவனைப் பார்த்துத்தான் அப்படிச் சிரிக்கிறது. ஒரு கை அவன் தலையைக் கோதிவிட நீண்டிருக்கிறது. வெட்டிய படத்தில் அந்தக் கை மணிக்கட்டோடு நின்றுபோகும். பொண்டாட்டி பார்த்துவிடுவாள் என்று வெட்டியது அண்ணனேதான். மறந்தே போயிருக்கிறான்.

திரும்பி வந்து கையில் கொடுத்தேன். கொட்டகை வாசலிலேயே நின்று பார்த்தான். அதே இடம்.

"இத பெருசு பண்ணலாம்ணா. இன்னிக்கே கேட்டா போட்டுத் தருவாங்க."

"நான் உசுரோட கீறேனே. எனுக்கும் சேத்து மாலையா போடுவ?"

எனக்குத் தோன்றவே இல்லை. உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு மாலை போடுவார்களா? அவ்வளவுதான், முடிந்தது. திருப்போரூர் வாய்தான் எங்கள் சுவரில்.

படத்தை அவன் திருப்பித் தரவில்லை.

22.6, ஞாயிறு

விடிந்ததும் கறந்தேன். பந்தலில் நாற்காலி இறக்குகிற சத்தம். கூடத்துக்கு வந்தால் தங்கக் கலர் ஃபிரேம் தரையில் கிடக்கிறது, பின்பக்கத் தகடு கழன்று. அண்ணன் குந்திக்கொண்டு, சாமி அலமாரியில் இருந்த வெட்டிய படத்தை அதில் வைத்து மூடிக்கொண்டிருந்தான். பெரிய ஃபிரேமில் சின்னப் படம். சுற்றிலும் வெள்ளை அட்டை.

"ஊரு இன்னா சொல்லும்ணா?"

"இன்னா வோணா சொல்லட்டும். எங்கம்மா சிரிச்சது என்னப் பாத்து."

மாட்டினான். ரோஜா மாலை போட்டான்.

எல்லம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். பாட்டு நின்றுவிட்டது. "அடிப்பாவி தனக்கோடி, இன்னைக்கும் இப்டித்தான் சிரிச்சிகினு கீறியா?" என்றவர், அப்புறம்தான் நிஜமாகவே அழுதார். சிறுசேரிப் பெண்களும் வந்திருந்தார்கள்.

அண்ணன் உட்காரவில்லை. ஐயர் கூப்பிட்டபோது போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்து நின்றான். படத்துக்கு வலது பக்கம், சுவரை ஒட்டி. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அந்தக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டோடு நிற்கிற கை. அது நீண்டால் அவன் தலைக்குத்தான் வரும். மொட்டை அடித்த தலை.

நிலா அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "மாமா, ஆயா யாரப் பாத்து சிரிக்குது?"

"என்னத்தான்டா. முடி இல்லன்னு சிரிக்குது."

எனக்கு அழுகை வந்தது. பின்கட்டுக்குப் போய் ராணி கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அண்ணி தேடிக்கொண்டு வருகிறாள். இலை போட ஆள் இல்லையாம்.